இரண்டரை அடி வாசல்

முதலில் ஆணி அடித்தேன்,
மாடியறைத் தரையில், அம்மா அன்பியக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம்.
ஆணியில் ஆறடி தங்கூஸ், மறுமுனையில் பென்சில்.
முழு வட்டம் வேண்டாம், ஒரு கீற்று போதும்.
தங்கூஸ் இழுபடும் என்பது
தூண்டில் பிடித்த எவனுக்கும் தெரியும்.
வரைகிற அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.
மூன்று விலா, மூன்று வளைவு.
ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி
அரம் போட்டு ஒரு ராத்திரி முழுக்க இழைத்தேன்.

வெளியே இடவப்பாதி.
பிளைவுட் நனைந்தால் அப்பளம்போல் பிரியும்.
அதனால்தான் அறைக்குள் செய்தது,
வேறு யோசனையே இல்லை.
தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், எங்களுக்கில்லை.
பகலெல்லாம் குளச்சலில்
ஏற்றி வைத்த படகுகளின் வயிற்றுக்கடியில் மல்லாந்து
மேட் விரித்து, ரெசின் பூசி, இருமி,
ஒன்பது மணிக்கு மேல்தான்
கை எனக்கு வரும்.

ரப்பர் மரச் சட்டம் கருங்கலில் வாங்கினது.
மேல் விளிம்புக்கு, காக்கா உட்காரவும் ஆகாமல் நின்ற
ஆன்டெனா கம்பம்.
ஆறு எம்.எம். பிளைவுட் இரண்டு அடுக்கு.
வளைய மாட்டேன் என்றது.
தங்கச்சி ஜெர்ஷா அதன்மேல் ஏறி உட்கார்ந்து
மறுநாள் பரீட்சைக்குப் படித்தாள்.
பெர்னூலி தேற்றம் முடிவதற்குள் மரம் இறங்கிவிட்டது.
நாற்பத்தாறு ஸ்க்ரூ.
கடைசியில் நீல ரெசின், இரண்டு கோட்டு.
மூன்றடி உயரம், நாலடி அகலம்,
மாடியறைக்குள் ஒரு அலை
உடையாமல் நின்றது.

ஜெர்ஷாதான் கேட்டாள்:
"எடே, இத வெளிய கொண்டு போறது எப்பிடியாக்கும்?"

வாசல் இரண்டரை அடி.
நிமிர்த்தினோம். சரித்தோம். தலைகீழாக்கினோம்.
நிலையைக் கழற்றலாமா என்று பார்த்தேன்,
வீடு கடன் வாங்கிக் கட்டினது.
ஜன்னலை நான் பார்க்கும்போதே
அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.
சிரிப்பு நின்றபோது அவள் கையில் ரம்பம் இருந்தது.

நடு விலாவை ஒட்டி அறுத்தோம்.
நீலம் தூளாகப் பறந்து முழங்கையில் ஒட்டியது.
மறுபாதிக்கு இன்னொரு விலா வேண்டும்;
அம்மாவின் கட்டிலில்
இரண்டு பலகை தாராளம் என்று முடிவு செய்தோம்.
அம்மா அப்படி நினைக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஏலக்கூடம் காலி.
சோனிமோன் அண்ணனின் மீன் ஆட்டோவில்
பாதி பாதியாக இரண்டு நடை.
கடல்தண்ணி ஊற்றிக் கழுவியும்
சிமெண்டில் செதில் மினுங்கியது.
இரண்டு பாதியையும் ஒட்டி வைத்தால்
நடுவில் ஒரு விரல் சந்து.
சக்கரம் அதில் விழுந்தது, நான் அதற்கப்பால் விழுந்தேன்.
முன்பல்லில் ஒரு மூலை
இப்போதும் அந்தத் தரையில் எங்கோ கிடக்கும்,
செதிலோடு செதிலாக.

ஜெர்ஷா ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு பாதியைக் காலால் தள்ளினாள்.
இரண்டடி இடைவெளி.
பின்னால் போனாள், ஐஸ் பெட்டி வரைக்கும்.
சக்கரச் சத்தம் கூரைத் தகரத்தில் ஏறியது.
இந்தப் பாதியில் மேலே போய்
ஆன்டெனா கம்பத்தைத் தாண்டி
ஒன்றுமில்லாததன்மேல் சாடி
அந்தப் பாதியில் இறங்கினாள்.
இறங்கினாள் என்றா சொன்னேன்?
ஐந்தாவது தடவை.
முதல் நாலு தடவைக்கு அவள் முட்டியைப் பாருங்கள்.

ஆகஸ்டில் படகுகள் கடலுக்கு இறங்கின.
நான் ஒட்டின ஒன்று பாலத்தைத் தாண்டிப் போனது,
வலப்பக்கம் முழு நீலம்,
பின்புறம் அணியத்தைவிட ஒரு சாயல் வெளுப்பு.
டின்னில் இருந்தது மிச்சம் என்று
சொன்னது நான்தான்.
ஓனர் கையசைத்தார்.
நானும் அசைத்தேன்,
வாயை மூடிக்கொண்டு.